வெப்பம் ஒன்று, வழி வேறு

வெந்நீரூற்று என்பது அப்படியொன்றும் அரிய பொருள் அல்ல. இமயமலையில் மணிக்கரணில் இருக்கிறது. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியாவில் ஏழு கிணறுகளாக இருக்கிறது. ஆனால் கொதிநீரைத் திடீரென்று வானத்தை நோக்கி வீசிவிட்டு அடங்கி, சற்று நேரம் கழித்து மறுபடியும் வீசும் ஊற்று அபூர்வம். அதைத்தான் கெய்சர் என்கிறார்கள். ஐஸ்லாந்து, ரஷ்யாவின் கம்சாத்கா, சிலி நாட்டின் எல் தாத்தியோ, நியூசிலாந்து என்று விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்களில்தான் அவை கூட்டமாக இருக்கின்றன. உலகிலுள்ள கெய்சர்களில் ஏறக்குறைய பாதி ஒரே இடத்தில், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில்.

1872 மார்ச் 1 அன்று அதிபர் யுலிசிஸ் கிராண்ட் கையெழுத்திட்ட சட்டத்தால் உருவான பூங்கா இது. உலகின் முதல் தேசியப் பூங்கா என்று பொதுவாகச் சொல்வார்கள். பரப்பு ஏறத்தாழ 9,000 சதுர கிலோமீட்டர். பெரும்பகுதி வயோமிங் மாநிலத்தில், ஓரங்கள் மொன்டானாவிலும் ஐடஹோவிலும். இதற்குள் வெந்நீரும் ஆவியும் சேறும் வெளிவரும் வாய்கள் 10,000-க்கும் மேல். அவற்றில் கெய்சர்கள் 500 போல இருக்கும்.

பூங்காவின் மேற்கு வாசலை ஒட்டி வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு, ஒரு வழிகாட்டியோடு காலையில் கிளம்பும் வேன்கள் மாலையில் திரும்பிவிடும். ஒரு நாளில் இவ்வளவு பெரிய பூங்காவைப் பார்த்துவிட முடியாது. ஆனால் நான்கு இடங்களில் இறங்கிப் பார்த்தாலே ஒரு நல்ல கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அடியில் இருக்கும் வெப்பம் எல்லா ஊற்றுக்கும் பொது. அப்படியிருக்க, ஓரிடத்தில் சேறு கொதிக்கிறது. இன்னோரிடத்தில் நீலக் குளம் சலனமில்லாமல் கிடக்கிறது. வேறோரிடத்தில் நீர் 40 மீட்டர் உயரத்துக்கு எழுகிறது. ஏன்?

எரிமலையின் உள்ளே

மேற்கு வாசலைத் தாண்டியதும் சாலை மேடிசன் ஆற்றை ஒட்டியே போகிறது. மேடிசன் சந்திப்பில் தெற்கே திரும்பும்போது வண்டி ஓர் எரிமலையின் வாய்க்குள் நுழைந்துவிடுகிறது. வழிகாட்டி சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. படங்களில் பார்க்கும் கூம்பு மலை இங்கே இல்லை. ஏறத்தாழ 6,40,000 ஆண்டுகளுக்கு முன் நடந்த பெருவெடிப்பில் சுமார் 1,000 கன கிலோமீட்டர் பொருள் வெளியேறியது. அடியில் பிடிமானம் போனதும் மேல்தரை சரிந்து, 70 கிலோமீட்டர் நீளமும் 45 கிலோமீட்டர் அகலமும் கொண்ட பள்ளம் விழுந்தது. அதற்கு முன் 21 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒன்று, 13 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு ஒன்று என இரண்டு பெருவெடிப்புகள் நடந்திருக்கின்றன. பின்னால் வழிந்த எரிமலைக் குழம்புகள் பள்ளத்தைப் பெரும்பாலும் நிரப்பிவிட்டன. கடைசிக் குழம்பு வழிந்தது 70,000 ஆண்டுகளுக்கு முன்பு.

மறுபடி எப்போது வெடிக்கும் என்று எல்லா வண்டியிலும் யாராவது ஒருவர் கேட்பார். அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் கணக்குப்படி, ஓர் ஆண்டில் அப்படிப்பட்ட பெருவெடிப்பு நிகழ வாய்ப்பு ஏறத்தாழ 7,30,000-இல் ஒன்று. அடியில் இருக்கும் பாறைக்குழம்பு அறை, பெயருக்குத்தான் குழம்பு. பெரும்பகுதி கெட்டிப்பட்ட பாறை. ஆனாலும் அதன் சூடு போதும். மலைகளில் பெய்யும் மழையும் உருகும் பனியும் விரிசல்கள் வழியே வெகு ஆழத்துக்கு இறங்கிச் சூடேறி மேலே திரும்புகின்றன. வரும் வழியில் ரயோலைட் என்னும் எரிமலைப் பாறையிலிருந்து சிலிக்காவைக் கரைத்து எடுத்துவருகின்றன. மேலே வந்து ஆறும்போது அந்தச் சிலிக்கா விரிசல்களின் சுவரில் பூச்சாகப் படிகிறது. கண்ணாடிக்கும் மணலுக்கும் மூலமான அதே பொருள்தான். இந்தப் பூச்சு நீர் கசியாமல் அடைப்பதோடு அழுத்தத்தையும் தாங்கும். அது செய்கிற வேலையை அடுத்தடுத்த இடங்களில் பார்க்கலாம்.

சேறும் ஆவியும்

முதல் நிறுத்தம் ஃபவுன்டன் பெயின்ட் பாட். மரப்பலகை நடைபாதையில் ஒரு கிலோமீட்டருக்குள்ளான சுற்று. யெல்லோஸ்டோனின் நான்கு வகை வாய்களையும் இங்கே அடுத்தடுத்துப் பார்த்துவிடலாம்.

எல்லாரும் முதலில் நிற்பது சேற்றுக் குழியின் முன்னால்தான். வெளிர் சாம்பலும் இளஞ்சிவப்புமாக வழுவழுப்பான சேறு. ஒரு குமிழி மெதுவாக உப்பி, பளபளத்து, வெடித்து, துளிகளைத் தெறிக்கும். அடுப்பில் கேழ்வரகுக் கூழ் கொதிக்கும்போது எழும் அதே சத்தம். உண்மையில் பல குமிழிகள் கொதிப்பால் வருபவை அல்ல. ஆழத்திலிருந்து ஏறிவரும் வாயுக்கள் சேற்றைத் தள்ளிக்கொண்டு வெளியேறுகின்றன. அவற்றில் ஒன்று ஹைட்ரஜன் சல்ஃபைடு. சுற்றிலும் அழுகிய முட்டை வாடை வீசுவதற்கு அதுவே காரணம். சில நுண்ணுயிர்கள் அதை உணவாகக் கொள்கின்றன. அதன் விளைவாகக் கந்தக அமிலம் உண்டாகிறது. அமிலம் பாறையை அரித்துக் களிமண்ணாக்குகிறது. இங்கே நீர்வரத்து குறைவு என்பதால் களிமண் அடித்துப் போகப்படாமல் அங்கேயே தங்கிக் குழம்பாகிறது. இளஞ்சிவப்பு நிறம் இரும்பு ஆக்சைடால் வருவது. பனி உருகும் வசந்தத்தில் சேறு நீர்த்துப்போய்ச் சளசளக்கும். கோடைக் கடைசியில் இறுகிக் கட்டியாகும். ஒரே குழியை இரண்டு பருவங்களில் பார்த்தவர்கள் இரண்டு வேறு குழிகள் என்றே நினைப்பார்கள்.

நீர் இன்னும் குறைந்தால் சேறுகூட மிஞ்சாது, ஆவி மட்டும் சீறும். ஆவித்துளைகள்தான் எல்லாவற்றிலும் சூடானவை. நாரிஸ் பகுதியில் ஓர் ஆவித்துளையில் 138 டிகிரி செல்சியஸ் அளந்திருக்கிறார்கள். மாறாக, நீர் தாராளமாகவும் வழி அகலமாகவும் இருந்தால் வெந்நீர்க் குளம் அமைகிறது. சூடான நீர் ஏறுகிறது, மேலே ஆறுகிறது, கனத்து இறங்குகிறது. சுழற்சி தடையில்லாமல் நடப்பதால் அழுத்தம் சேர்வதற்கு இடமே இல்லை.

பக்கத்தில் நிற்கும் செத்த மரங்களையும் கவனிக்க வேண்டும். லாட்ஜ்போல் பைன் என்ற ஊசியிலை மரம் இங்கே அதிகம். வெந்நீர் ஓட்டம் திசைமாறி வந்து வேரை நனைத்தால் மரம் சிலிக்கா கரைந்த நீரை உறிஞ்சிச் சாகிறது. அடித்தண்டில் அந்தச் சிலிக்கா வெள்ளையாகப் படிந்து நிற்கும். காலுறை போட்டாற்போல ஓர் அளவுக்குக் கீழே மட்டும் வெள்ளை. சாம்பல் நிற மரங்கள் வரிசையாக அப்படி நிற்பதைப் பார்த்தால், நீரின் வழி அண்மையில் எங்கே மாறியது என்று தரையில் கோடு போட்டுக் காட்டிவிடலாம்.

11 சென்டிமீட்டர் இடுக்கு

அடுத்து ஓல்ட் ஃபெய்த்ஃபுல். 1870 செப்டம்பரில் இந்தப் பக்கம் வந்த வாஷ்பர்ன் ஆய்வுக்குழுவினர் வைத்த பெயர். தவறாமல் பீறிட்டதைப் பார்த்து வைத்தார்கள். அரைவட்டமாகப் போட்ட பெஞ்சுகளில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பார்கள். எதிரே வெண்மையான ஒரு மேடு; அதன் உச்சியில் மெல்லிய புகைபோல ஆவி.

முதலில் சிறு சிறு துள்ளல்கள். நீர் ஒன்றிரண்டு மீட்டர் எழும்பி விழும். கூட்டம் கைபேசியைத் தூக்கும், ஒன்றும் நடக்காது. மறுபடி ஒரு துள்ளல். பொறுமை போனவர்கள் கைபேசியை இறக்கும்போது ஒரு துள்ளல் அடங்காமல் நீள ஆரம்பிக்கும். நீர்த்தூண் கட்டம் கட்டமாக ஏறும். சராசரி உயரம் 40 மீட்டர். சில சமயம் 50-ஐத் தாண்டும். ஒன்றரை நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம்வரை நீடிக்கும். ஒரு தடவைக்கு 14,000 முதல் 32,000 லிட்டர்வரை நீர் வெளியேறுகிறது.

அந்த முதல் துள்ளல்கள் வெறும் முன்னோட்டம் அல்ல, திறவுகோலே அவைதான். இந்த இடம் கடல் மட்டத்துக்கு 2,200 மீட்டருக்கு மேலே இருப்பதால் தரையில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஆனால் குழாயின் அடியில் இருக்கும் நீரின்மேல் அதற்கு மேலுள்ள நீர் முழுவதும் கனத்து அழுத்துகிறது. 20 மீட்டர் ஆழத்தில் நீர் 130 டிகிரியை நெருங்கினாலும் கொதிக்காமல் இருக்கும். அந்த நிலையில் மேலே கொஞ்சம் நீர் துள்ளி வெளியே கொட்டிவிட்டால் பாரம் குறைகிறது. பாரம் குறைந்ததும் அடிநீருக்கு அந்தச் சூடே மிகையாகிவிடுகிறது. ஒரு பகுதி சட்டென்று ஆவியாகிறது. நீர் ஆவியாகும்போது கன அளவு ஆயிரம் மடங்குக்கு மேல் பெருகும். அது மேலே உள்ள நீரைத் தள்ள, பாரம் இன்னும் குறைய, அதற்கும் கீழேயுள்ள நீர் கொதிக்க, சங்கிலித் தொடராக மொத்தக் குழாயும் காலியாகிறது. இந்த விளக்கத்தின் அடிப்படையை முதலில் சொன்னவர் ஜெர்மன் வேதியியலாளர் ராபர்ட் பன்சன். 1846-இல் ஐஸ்லாந்து போய், அங்குள்ள பெரிய கெய்சரின் குழாயில் வெப்பமானியை இறக்கி ஆழத்துக்கு ஆழம் அளந்து பார்த்தார்.

ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லின் குழாயைப் பார்க்க 1990களில் சிறிய வீடியோ கேமராவையே உள்ளே இறக்கினார்கள். 22 மீட்டர் ஆழம்வரை தெரிந்தது நேர்க் குழாய் அல்ல. கோணல்மாணலான ஒரு பிளவு. ஏறத்தாழ ஏழு மீட்டர் ஆழத்தில் அது 11 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒடுங்குகிறது. ஒருவர் கையை விரித்தால் அடைத்துவிடும் அந்த இடுக்கு வழியாகத்தான் அத்தனை ஆயிரம் லிட்டரும் வெளியே வர வேண்டும். அந்த இடுக்கு இல்லாவிட்டால், அதைச் சுற்றிச் சிலிக்கா பூசி இறுக்காவிட்டால், இங்கே ஒரு நல்ல வெந்நீர்க் குளம் இருந்திருக்கும், பெஞ்சுகள் இருந்திருக்காது.

அடுத்து எப்போது என்று பார்வையாளர் மையத்துப் பலகையில் நேரம் போட்டிருப்பார்கள். பத்து நிமிடம் முன்னே பின்னே, பத்தில் ஒன்பது தடவை சரியாக இருக்கும். கணக்கு எளிது. பீறிடல் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால் குழாயில் சுடுநீர் கணிசமாக மிச்சமிருக்கும். அடுத்தது ஒரு மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும். அதற்குமேல் நீடித்தால் குழாய் அதிகம் காலியாகியிருக்கும். ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கையில் கடிகாரம் இருக்கும் எவரும் இந்தக் கணிப்பைச் செய்துகொள்ளலாம். இவ்வளவு ஒழுங்குக்குக் காரணம், இதன் குழாய் பெரும்பாலும் தனிக்குழாய் என்பது. பக்கத்துக் கெய்சர்கள் பலவும் அடியில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டிருப்பவை. ஒன்று பீறிட்டால் மற்றதன் முறை தள்ளிப்போகும். ஐந்நூறில் ஆறே கெய்சர்களுக்குத்தான் பூங்கா நேரம் குறித்துக் கொடுக்கிறது.

வண்ணம் ஒரு வெப்பமானி

கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றை விவரம் தெரிந்த வழிகாட்டிகள் நண்பகலுக்கு வைத்துக்கொள்வார்கள். காலைக் குளிரில் ஆவி திரண்டு குளத்தையே மூடிவிடும். குறுக்களவு ஏறத்தாழ 110 மீட்டர். அமெரிக்காவிலேயே பெரிய வெந்நீரூற்று இதுதான். நடுவில் ஆழ்ந்த நீலம். அதைச் சுற்றிப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, செம்பழுப்பு என்று வளையம் வளையமாக நிறம். 1871-இல் ஹேடன் தலைமையிலான அரசு ஆய்வுக்குழுவோடு வந்த ஓவியர் தாமஸ் மோரன் இந்தப் பகுதியை நீர்வண்ணத்தில் தீட்டினார். அந்த ஓவியங்களும் வில்லியம் ஹென்றி ஜாக்சனின் புகைப்படங்களும் பூங்காச் சட்டத்துக்கு ஆதரவு திரட்ட உதவின.

நீலத்துக்குக் காரணம் எளிது. தெளிந்த ஆழமான நீர் சிவப்பு ஒளியை விழுங்கி நீலத்தைச் சிதறடிக்கிறது. அந்தச் சூட்டில் நீரை நிறம் மாற்றும் அளவுக்கு உயிர்கள் பெருகுவதில்லை. குளம் விளிம்பைத் தாண்டி மெல்லிய படலமாக வழிந்து பரவும்போது அடிக்கு அடி ஆறுகிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்கள் தாங்கும் உச்ச வெப்பம் 73 டிகிரி போல. அந்த எல்லையில் மஞ்சள் தொடங்குகிறது. சைனெகோகாக்கஸ் என்ற நுண்ணுயிரின் குடியிருப்பு அது. இன்னும் ஆறிய இடத்தில் வேறு இனங்கள் சேர்ந்து ஆரஞ்சு. அதற்கும் வெளியே பழுப்பு. நிறத்தைப் பார்த்தே நீரின் சூட்டைத் தோராயமாகச் சொல்லிவிடலாம். மஞ்சளும் ஆரஞ்சும் கரோட்டினாய்டுகள்; கடும் வெயிலிலிருந்து உயிரணுக்களைக் காப்பவை. வெயில் குறையும் குளிர்காலத்தில் அவை குறைந்து பச்சையம் மேலோங்க, அதே வளையங்கள் கரும்பச்சைக்கு மாறும்.

இதிலிருந்து சில கிலோமீட்டரில்தான் மஷ்ரூம் ஊற்று. 1966-இல் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளரும் ஹட்சன் ஃப்ரீஸ் என்ற அவருடைய மாணவரும் அங்கிருந்து எடுத்த மாதிரியில், 70 டிகிரிச் சூட்டில் செழித்து வளரும் ஒரு பாக்டீரியத்தைக் கண்டார்கள். அதற்கு தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்று பெயரிட்டார்கள். உயிரால் அவ்வளவு சூட்டைத் தாங்க முடியாது என்று நம்பிய காலம் அது. 1980களில் கேரி முல்லிஸ் டி.என்.ஏ.வைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பி.சி.ஆர். முறையைக் கண்டுபிடித்தபோது ஒரு சிக்கல் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் டி.என்.ஏ. இழைகளைப் பிரிக்க 90 டிகிரிக்கு மேல் சூடாக்க வேண்டும். அந்தச் சூட்டில் பிரதியெடுக்கும் நொதி வெந்துவிடும். ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது. யெல்லோஸ்டோன் பாக்டீரியத்தின் நொதி வேகவில்லை. முல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு கிடைத்தது. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு எடுத்த மாதிரிகளை உலகெங்கும் ஆய்வுக்கூடங்கள் சோதித்தது இந்த முறையில்தான்.

சொல்பேச்சு கேட்காத நாரிஸ்

பிற்பகலில் மேடிசனுக்குத் திரும்பி வடகிழக்கே போனால் நாரிஸ். எரிமலைப் பள்ளத்தின் விளிம்புக்குச் சற்று வெளியே இருந்தாலும் பூங்காவிலேயே சூடு மிகுந்த பகுதி இது. துளையிட்டுப் பார்த்தபோது 300 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழத்தில் 237 டிகிரி இருந்தது. நிலப்பிளவுகள் குறுக்கிடும் இடம். தரை அடிக்கடி நடுங்கும். நீரின் வழிகள் அடைவதும் திறப்பதும் இங்கே ஓயாது.

உலகில் இப்போது இயங்கும் கெய்சர்களில் மிக உயரமாகப் பீறிடும் ஸ்டீம்போட் இங்கேதான் இருக்கிறது. முழுப் பீறிடல் என்றால் 90 மீட்டருக்கு மேல்; ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லைப்போல இரண்டு மடங்கு. ஆனால் எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. 1911 முதல் 1961 வரை அரை நூற்றாண்டு பெரிய பீறிடலே இல்லை. 2018-இல் விழித்துக்கொண்டு அந்த ஆண்டில் 32 தடவை, 2019-இலும் 2020-இலும் தலா 48 தடவை பீறிட்டது. சரிவில் சற்றுக் கீழே சிஸ்டர்ன் என்ற அமைதியான வெந்நீர்க் குளம் இருக்கிறது. ஸ்டீம்போட் பீறிட்டால் இந்தக் குளத்தின் நீர் வற்றி இறங்கிவிடும். சில நாள் கழித்துத் திரும்ப நிறையும். இரண்டுக்கும் அடியில் தொடர்பு உண்டு என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

வழி மாறினால்

வெப்பம் லட்சக்கணக்கான ஆண்டுகளாக அடியில் இருக்கிறது. அதன்மேல் அமைந்த நீர்வழிகளுக்கு அந்த ஆயுள் கிடையாது. 1959 ஆகஸ்ட் 17 இரவு, பூங்காவின் மேற்கு எல்லைக்கு அப்பால் ஹெப்கன் ஏரிப் பகுதியில் 7.3 அளவில் நிலநடுக்கம் வந்தது. அதைத் தொடர்ந்து முந்நூறை நெருங்கும் ஊற்றுகள் பீறிட்டன. அவற்றில் 160-க்கு அதற்கு முன் பீறிட்டதாகப் பதிவே இல்லை. ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லின் இடைவெளியும் நீண்டது. அதன் மேட்டில் சிலிக்காவில் உறைந்து கிடந்த பைன் மரத்துண்டுகளின் வயதைக் கணித்து 2020-இல் வெளியான ஆய்வு, 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் பெரும் வறட்சியின்போது அது பல பத்தாண்டுகள் பீறிடாமல் இருந்தது என்று சொல்கிறது. கொதிநீர் கொட்டும் மேட்டில் மரம் முளைத்து வளர வேறு வழியில்லை.

வழி ஒரேயடியாக அடைபட்டால் அடியில் அழுத்தம் மிகுந்து பாறையையே உடைத்துக்கொண்டு கிளம்பும். 2024 ஜூலை 23 காலை பிஸ்கட் பேசின் பகுதியில் நடைபாதைக்கு அருகே பிளாக் டயமண்ட் குளம் அப்படித்தான் வெடித்தது. கரிய சேறும் கற்களும் உயரத்துக்குக் கிளம்ப, பார்க்க வந்தவர்கள் ஓடித் தப்பினார்கள். பலகைப் பாதை சிதைந்தது, யாருக்கும் காயமில்லை. பாதையை விட்டு இறங்குபவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் எப்போதும் இருப்பதில்லை. மெல்லிய மேலோடு உடைந்தோ தவறி விழுந்தோ இதுவரை இருபதுக்கும் மேற்பட்டோர் வெந்நீரில் இறந்திருக்கிறார்கள்.

மனிதர் கையாலும் வழி அடைபடும். மார்னிங் குளோரி என்ற குளம் ஒரு காலத்தில் முழு நீலம். பல தலைமுறையாகப் பயணிகள் எறிந்த காசும் குப்பையும் அடிவாயை அடைத்ததில் சூடு குறைந்தது. விளிம்பில் இருந்த மஞ்சளும் ஆரஞ்சும் உள்நோக்கி நகர்ந்துவிட்டன. 2018 செப்டம்பரில் இயர் ஸ்பிரிங் என்ற சிறு ஊற்று வழக்கத்துக்கு மாறாகப் பீறிட்டபோது, நாணயங்கள், பிளாஸ்டிக் கரண்டி, தகர டப்பா, 1930களைச் சேர்ந்த ஒரு குழந்தைச் சூப்பான் எல்லாம் வெளியே வந்து விழுந்தன.

குப்பையைவிடப் பெரிய ஆபத்து ஆழ்துளை. நியூசிலாந்தின் வைராகேயில் 1958-இல் புவிவெப்ப மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலத்தடியிலிருந்து சுடுநீரை எடுத்ததில் அழுத்தம் இறங்கி, பக்கத்திலிருந்த கெய்சர் பள்ளத்தாக்கின் ஊற்றுகள் சில ஆண்டுகளில் நின்றன. யெல்லோஸ்டோனிலும் மின்சாரம் எடுக்கத் தேவையான சூடு உண்டு. ஆனால் தேசியப் பூங்காக்களுக்குள் புவிவெப்பக் குத்தகை கொடுக்க 1970-இல் வந்த அமெரிக்கச் சட்டம் இடம் தரவில்லை. அந்த வெப்பத்தைத் தீர்த்துவிட மனிதரால் ஆகாது. நீர் வரும் வழியைக் கெடுக்க ஆகும். வேனிலிருந்து இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் பாதையை விட்டு விலகாதீர்கள், எதையும் எறியாதீர்கள் என்று வழிகாட்டி திரும்பத் திரும்பச் சொல்வது ஆளைக் காக்க மட்டும் அல்ல, ஊற்றைக் காக்கவும்தான்.